பன்னிரண்டு ஆம்பியர்

அக்டோபர் 7, செவ்வாய்

அல்மா நகரத்தில் வேலை. ஆறு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். கொதிகலனை எடுத்துவிட்டு எல்லா வீட்டுக்கும் மின்சார ஹீட்டர். சுவரின் அடியோடு நீளமாகப் படுத்திருக்குமே, அந்த வகை. கட்டடத்துக்காரர் நாள் முழுக்க என் பின்னாலேயே வந்தார். "ஏம்மா மரியெல், வீட்டுக்கு வீடு இவ்வளவு தடி கேபிளா? மனுஷங்கதானே குடியிருக்கப் போறாங்க, வெல்டிங் பட்டறையா வைக்கப் போறாங்க?" ஜனவரியில் ஒரு நாள் கரண்டு போய், வீடெல்லாம் விறைத்து, திரும்ப வரும்போது எல்லா ஹீட்டரும் ஒரே மூச்சில் இழுக்கும், அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வீட்டுக்கு வந்தால் காப்பீட்டுக்காரர்களின் கடிதம். எண்ணெய்த் தொட்டி பழசாகிவிட்டதாம். ஜூன் முடிவதற்குள் எடுக்காவிட்டால் வீட்டுக்குக் காப்பீடு கிடையாது.

ஒதெட் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரிக்கிறாள். "ஊருக்கெல்லாம் ஹீட்டர் மாட்டுறவ வீட்ல இன்னும் எண்ணெய் எரியுதுன்னா யாராவது நம்புவாங்களாடி? இப்பவாவது மாத்து."

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. நிலவறையில் எண்ணெய் உலை எரியும்போது காற்றுக் குழாய்கள் வழியாக இருமல் கேட்கும். என் கணவர் ரெஜானின் இருமல். முதலில் ஒரு சின்னக் கனைப்பு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் சேர்ந்தாற்போல் இரண்டு. தகரம் சூடேறி விரிகிற சத்தம் அது. எனக்குத் தெரியாதா? இந்தத் தொழிலில்தானே தலை நரைத்தது. தெரியும். ஆனாலும் உலையை எடுத்தால் அதுவும் போய்விடும்.

அவர் ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

அளவெடுக்க ஆரம்பித்தேன். அடுத்தவர் வீட்டில் இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அறையின் நீள அகலம், ஜன்னல், எந்தச் சுவர் ஏரிக்காற்றைப் பார்க்கிறது, அதற்கு எத்தனை வாட். சமையலறைக்கு இரண்டாயிரம். கூடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. படுக்கையறை வாசலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சமையலறைச் சோபாவில் படுக்க ஆரம்பித்ததிலிருந்து அங்கே சூட்டுக்காற்று வரும் திறப்பை மூடி வைத்திருக்கிறேன். தலையணையில் கை வைத்தால் ஈரத் துணி மாதிரி சில்லென்று இருந்தது.

ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதினேன். யாருக்கு?

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்றால், ஹீட்டர்களில் முதல் பத்து கிலோவாட்டை முழுசாக எண்ணு, அதற்கு மேலே இருப்பதில் முக்கால் பங்கு எண்ணினால் போதும். ஏனென்றால் எல்லா அறையும் ஒரே சமயத்தில் சூடு கேட்காது. ஆளில்லாத அறையில் யாரும் சூட்டைக் கூட்டி வைக்க மாட்டார்கள். இதை எழுதியவர் வீட்டில் யாரும் காணாமல் போகவில்லை போலிருக்கிறது.

பட்டறையை அளக்கவில்லை. அது வீடு இல்லை, கொல்லையில் தனியாக நிற்கிறது. ரெஜான் பனிவண்டிகளைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற இடம். மாட்டின இடம். அவர் போனதிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதினால் புரிகிறதா பார்க்கிறேன்.

அல்மாவில் சாமான் வரவில்லை என்று மத்தியானமே வந்துவிட்டேன். லாரியைத் தெருவிலேயே விட்டேன். இப்போது வீடு எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துவிடலாம் என நிலவறைக்குப் போய், மெயின் கம்பியில் மின்னோட்டம் காட்டும் டாங் டெஸ்டரைக் கவ்வ வைத்தேன். ஒவ்வொன்றாக நிறுத்தினேன். உலை. வெந்நீர்த் தொட்டி. ஃபிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கினேன். முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும்.

பன்னிரண்டு ஆம்பியர்.

டெஸ்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொரு கம்பியில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் நின்ற வீட்டில் ஏதோ ஒன்று பன்னிரண்டு ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒன்று மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தில் ரெஜானின் கோணல் எழுத்தில் "பட்டறை".

அணைத்தேன். முள் விழுந்தது.

சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். பட்டறைக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டித்தான் இருந்தது. திறந்தேன். உள்ளே யாருமில்லை. ஆனால் சூடு முகத்தில் அடித்தது. தரையில் அவருடைய பழைய ஹீட்டர், நின்று ஆறிக்கொண்டு டிக் டிக்கென்றது. அது அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நாற்காலி முதுகில் அவருடைய வேலைக் கோட்டு. தொட்டேன். ஆள் இப்போதுதான் கழற்றிப் போட்ட மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

அந்தக் கதவுக்கு இரண்டே சாவி. ஒன்று என் கையில் இருந்தது. இன்னொன்று அவர் பையில், ஏரிக்கு அடியில்.

அக்டோபர் 17

பிரேக்கரைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல் லாரியைச் சத்தமாகக் கிளப்பிக்கொண்டு போகிறேன். மத்தியானம் ஆனால் எங்கே இருந்தாலும் என் மனசு நிலவறைக்குப் போய்விடுகிறது. இப்போது அந்தப் பிரேக்கர் சூடாகிக்கொண்டிருக்கும். இன்று அல்மாவில் ஒரே அறையை இரண்டு தரம் எண்ணிவிட்டேன், கட்டடத்துக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். "உடம்பு சரியில்லையா மரியெல்?"

சாயங்காலம் பட்டறைக்குள் போனேன். ஹீட்டர் அணைந்திருந்தது. சிமெண்டுத் தரை மட்டும் இன்னும் குளிர்ந்திருக்கவில்லை. கேட்டே விட்டேன், வாய்விட்டு. "நீங்களா?"

காது கொடுத்துக் கேட்டேன். அசிங்கமாக இருக்கிறது எழுத. காது கொடுத்துக் கேட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஆத்துமாக்கள் திருநாள் பூசை. இந்த வருஷம் இறந்தவர்கள், அதற்கு முந்தி இறந்தவர்கள் என்று கோவிலில் பெயர் வாசித்தார்கள். பங்குக் கோவிலில் பெயர் சேர்க்கும் அம்மாள் போன வாரமே என்னைக் கேட்டாள். "ரெஜான் பேரை எழுதிக்கட்டுமா கண்ணு?" வேண்டாம் என்றேன். போன வருஷமும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் இந்த வருஷம் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம். எனக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லையே என்று. பைத்தியம் பிடிக்கிறதா?

கடைசி வரிசையில் கிளேர்மோன் நின்றிருந்தான். கோட்டு, தொப்பி, கையுறை எதையும் கழற்றவில்லை, பனிப்புயலில் நிற்கிற மாதிரி. நான் பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டேன்.

அவனும் ரெஜானும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஜோடி. அன்றைக்கு மீன் பிடித்துவிட்டு இரண்டு பனிவண்டிகளில் இரண்டு பேரும் ஏரி மேல் வந்தார்கள். ஆறு வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி பிளந்தது. ஒருவன் கரைக்கு வந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் வாசலுக்கு வந்து நின்றான். அவன் முகத்தில் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு பேச்சில்லை. கொல்லைக்குப் பின்னால் இருக்கும் ஊசியிலைத் தோப்பைத் தாண்டினால் அவன் வீடு. புகைபோக்கி தெரியும். அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அவரைக்கொட்டை சூப் வைத்தேன், அவருக்குப் பிடித்த மாதிரி, உப்புக் கறி போட்டு. ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூடி பட்டறை மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

சூப் இல்லை. கிண்ணம் கழுவித் துடைத்து, கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து ரெஜான் ஒரு கிண்ணம் கழுவியதில்லை.

சிரித்தேன். அப்புறம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். வேறு யாரோ என்பது புரிகிறது. புரிவதை மனசு வாங்க மாட்டேன் என்கிறது. போன இடத்தில் கற்றுக்கொண்டிருக்கலாம் இல்லையா? அங்கே கிண்ணம் கழுவச் சொல்லிக்கொடுக்க மாட்டார்களா?

நவம்பர் 15, சனி

அக்கா வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டாள். பாதியைச் சொன்னேன்.

"போலீஸைக் கூப்பிடு."

"எதையும் திருடலை அக்கா."

"திருடாதவன் இன்னும் ஆபத்து. ஆவின்னு மட்டும் சொல்லிடாத. ஆவிக்கு எதுக்குடி ஹீட்டர்?"

"குளிருதோ என்னவோ."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன வயதில் செய்வதுபோல என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "மரியெல். ஏரித் தண்ணியில விழுந்தவன் வெளிய வந்தா முதல்ல உன் சமையலறைக்கு வருவான். பட்டறையில போய் ஒளிய மாட்டான்."

அவள் போன பிறகு ரொம்ப நேரம் அவள் மேல் கோபமாக இருந்தது.

டிசம்பர் 11, வியாழன்

மைனஸ் இருபத்தொன்பது. காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. லாரியைக் கொட்டகைக்குள் விட்டிருந்தேன். மத்தியானம் எழுந்து சமையலறை ஜன்னலில் பார்த்தால் புதுப் பனியில் காலடி. தோப்பிலிருந்து நேராகப் பட்டறைக்கு. வலது காலடி சுத்தமாக விழுந்திருந்தது. இடது கால் ஒவ்வொரு அடிக்கும் பனியில் கொஞ்ச தூரம் இழுபட்டிருந்தது.

ரெஜான் போன அன்றைய உறைபனியில் இரண்டு கால்விரல்களை வெட்ட வேண்டி வந்தது கிளேர்மோனுக்கு. இடது காலில்.

இத்தனை நாள் நான் பேசியது இவனிடம். சூப் வைத்தது இவனுக்கு. "நீங்களா?" என்று கேட்டது — தபர்நாக்! கெட்ட வார்த்தைதான் வாயில் வருகிறது. இவன் உட்கார்ந்து எழுந்த சூட்டையா நான் தொட்டுத் தொட்டு...

நிலவறைக்கு இறங்கினேன். அந்தப் பிரேக்கரை அடித்து அணைத்தேன். விறைக்கட்டும். விறைத்து வெளியே வரட்டும், வாசலில் நின்று நாலு கேட்கிறேன் என்று ஜன்னலுக்குத் திரும்பி வந்து நின்றேன்.

வரவில்லை. வெயில் தோப்புக்குப் பின்னால் இறங்கியது. இருட்ட ஆரம்பித்தது. அந்தப் பட்டறைச் சுவர் வெறும் பலகை. இந்தக் குளிரில் உள்ளும் வெளியும் ஒன்றுதான். இன்னும் வரவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தபோது அவன் ஒரு மரப்பெட்டி மேல் கூனி உட்கார்ந்திருந்தான். ரெஜானின் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் எதிரில். செத்துப்போன ஹீட்டர் அந்த நாற்காலியைப் பார்த்தபடிதான் இருந்தது. கோட்டும் அப்படியே. அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"கரண்டு போயிடுச்சு மரியெல்," என்றான், வீட்டில் யாருக்கோ ஆபத்து என்று சொல்கிற குரலில். "அவனுக்குக் குளிரும்."

டிசம்பர் 14, ஞாயிறு

அன்றைக்கு அதற்கு மேல் எழுத வரவில்லை.

அவனைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு வந்து விறகடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்தேன். ரம் ஊற்றிக் கொடுத்தேன். கோப்பை பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது. நான் கேட்க நினைத்த நாலு கேள்வியும் எங்கே போயிற்றோ. "சாவி எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"அவன்தான் குடுத்தான்."

"எப்போ?"

"தண்ணியில இருந்து."

சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். ரெஜானின் வண்டிதான் முதலில் உள்ளே போனதாம். இவன் வண்டியை விட்டுக் குதித்து, வயிற்றால் ஊர்ந்து போயிருக்கிறான். ரெஜான் மார்பளவு தண்ணீரில், முழங்கை இரண்டையும் பனி விளிம்பில் ஊன்றிக்கொண்டு, இவனைப் பார்த்துத் திட்டியிருக்கிறார். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துப் பனிமேல் சறுக்கிவிட்டிருக்கிறார். லாரி சாவியும் பட்டறைச் சாவியும் ஒரே கொத்து. (போலீஸ் என்னிடம் தந்தது ஒற்றை லாரி சாவி. அது லாரியிலேயே இருந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். பட்டறைச் சாவியை இவன் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறான்.)

"என்ன சொன்னார்?"

"'போய் லாரியை ஸ்டார்ட் பண்ணு. ஹீட்டரை ஃபுல்லா வை. நான் வந்துடறேன்'னான்."

அடுப்பில் விறகு வெடித்தது. இரண்டு பேரும் திடுக்கிட்டோம்.

"நான் போகலை மரியெல். சத்தியமா போகலை. கையைப் பிடிச்சேன். ரெண்டு கையாலயும் பிடிச்சேன். விரல் எப்ப விட்டுச்சுன்னே எனக்குத் தெரியலை. உணர்ச்சியே இல்லை. பார்க்கிறேன், கையுறை மட்டும் இருக்கு."

அதற்கப்புறம் லாரிக்கு ஊர்ந்து போயிருக்கிறான். சூட்டை முழுசாக வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். உதவிக்குப் போன் பண்ணியது ஞாபகமில்லையாம். ஆட்கள் வந்து கதவைத் திறந்தபோது, கதவைச் சாத்துங்கள், சூடு போகிறது, அவன் வரப்போகிறான் என்று கத்தினானாம்.

"அவன் வர்றேன்னு சொன்னான். சொன்னா வருவான், உனக்கே தெரியும். வந்தா எங்க வருவான்? பட்டறைக்குத்தானே." என்னைப் பார்க்காமலே சொன்னான். "தப்புதான். உன்கிட்டக் கேட்டிருக்கணும். அக்டோபர்ல ஒரு நாள் நீ வீட்ல இருக்கறது தெரிஞ்சு, ஹீட்டரைக்கூட அணைக்காம ஓடினேன்."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, தோப்பு வழியாகக் காலை இழுத்துக்கொண்டு போனான்.

டிசம்பர் 25

அக்கா கிறிஸ்துமஸுக்கு இறைச்சி அடைத்த தூர்த்தியேர் அப்பம் கொண்டுவந்தாள். ஒரு துண்டை மூடி வைத்தேன். யாருக்கென்று அவள் கேட்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

அந்தப் பிரேக்கரைப் போட்டே வைத்திருக்கிறேன். மத்தியானம் வீட்டில் இருந்தால் டெஸ்டரை வைத்துப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. பட்டறைப் பக்கம் பனி ஆள் படாமல் கிடக்கிறது.

இருமல் மட்டும் கேட்கிறது. மைனஸ் முப்பத்தைந்தில் உலை நிற்காமல் ஓடுகிறது, குழாய் நாள் முழுக்க இருமுகிறது. முன்னாலெல்லாம் அது ஆறுதலாக இருந்தது. இப்போது "நான் வந்துடறேன்" என்று காதில் விழுகிறது. சமையலறையில் நான்கு திறப்பிலும் கம்பளி அடைத்துவிட்டேன். குளிர்கிறது. குளிரட்டும்.

எனக்காகச் சொல்லியிருக்கக் கூடாதா, ஒரு வார்த்தை? சாகப்போகிறவருக்கு லாரி ஹீட்டர்தானா ஞாபகம் வந்தது?

இல்லை. அவர் சாகப்போவதாக நினைக்கவில்லை. அதுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இரண்டு வருஷம்.

கோவிலுக்குப் போகவில்லை. லாரியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அன்றைக்குப் பிறகு அந்த இடத்துக்குப் போனதே இல்லை. காற்று பனித்தூளை ஏரி மேல் புகை மாதிரி இழுத்துக்கொண்டு போனது. எதிர்க்கரை தெரியவில்லை. அங்கே இன்னொரு லாரி நின்றிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டு, முகம் ஏரியைப் பார்த்து. கிளேர்மோனுடையது.

என்னுடையதை நிறுத்திவிட்டு இறங்கிப் போனேன். பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தபோது உலைக்களம் மாதிரி சூடு. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். அந்த ஒரு நொடி அவன் முகத்தில் வந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். யார் என்று தெரிந்ததும் அது அணைந்தது.

ஏறி உட்கார்ந்தேன். அவருக்காகக் காலியாக வைத்திருந்த இருக்கை. கதவைச் சாத்தினேன். பனிக்கட்டி எங்கோ தூரத்தில் உறுமியது. அது அந்த ஏரியின் வழக்கம்தான். ஆனாலும் இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தோம்.

கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து ஏரி மறைந்துபோனது. நான்தான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது.

"ரெஜான் வர மாட்டார், கிளேர்மோன்."

சொன்ன பிறகுதான் அதை முதல் தடவையாகச் சொல்கிறேன் என்று தெரிந்தது. எனக்கே கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னேன்.

அவன் தலையை ஸ்டியரிங் மேல் சாய்த்துக்கொண்டான். ஹார்ன் அலறியது. பயந்து நிமிர்ந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். அப்புறம் அது சிரிப்பாக இல்லை, இரண்டு பேருக்கும்.

பட்டறைச் சாவியை அவன் கையில் வைத்தேன். "இங்க வந்து உட்காராத. அங்க வா."

மார்ச் 5, வியாழன்

கணக்கை முடித்தேன். வீட்டு ஹீட்டர் மட்டும் பதினாறரை கிலோவாட். விதிப்படி குறைத்து, சமையல் மின் அடுப்பு, வெந்நீர், மற்றது எல்லாம் சேர்த்தால் நூற்றுப்பதினேழு ஆம்பியர். இப்போதிருக்கும் நூறு ஆம்பியர் பிரேக்கர் பெட்டி தாங்காது, நூற்றிருபத்தைந்து தாங்கும்.

ரோபெர்வாலில் மின்சாமான் கடையில் பாஸ்கால் சந்தோஷமாகிவிட்டான். "நூத்திருபத்தஞ்சு பெட்டி ஒண்ணு அலமாரியில தூங்குது. எடுத்துக்கோ அக்கா, உன் வீட்டுக்குத் தாராளம்."

அதைக் கையில் தூக்கிக்கூடப் பார்த்தேன். திரும்பக் கீழே வைத்துவிட்டேன்.

"பட்டறைக்கு நாலு கிலோவாட் சேர்த்தா?" என்றேன்.

கணக்குப் போட்டான். "நூத்தி இருபத்தொன்பது. அப்ப இருநூறு பெட்டிக்குப் போகணும். மெயின் கேபிள் மாத்தணும், பட்டறைக்குத் தனி ஃபீடர், துணைப் பெட்டி, மண்ணுக்குள்ள கேபிள். ஏன் இந்தத் தலைவலி? அங்கதான் யாரும் இல்லையே?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ரெஜானிடம் வண்டி பழுது பார்த்தவன்தான் அவனும். "மன்னிச்சுக்கோ அக்கா. வாய் தவறிடுச்சு."

"இருநூறே போடு," என்றேன்.

மண் உறைந்து கிடக்கிறது. மே வருவதற்கு முன் கடப்பாரை இறங்காது. காத்திருக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 9

நோட்டரியிடம் போனேன். ரெஜான் இறந்தார் என்று நீதிமன்றம் அறிவிக்க மனு. கிளேர்மோன் சாட்சி. வாக்குமூலம் கொடுக்கும்போது அவன் குரல் உடையவில்லை. என் கையெழுத்துதான் கோணிப் போயிற்று.

மே 16, சனி

ஏரி போன வாரம் திறந்தது. ஒரு வாரமாகக் காற்று அடிக்கும்போதெல்லாம் கரையைப் பார்க்கிறேன். எதுவும் ஒதுங்கவில்லை. ஒதுங்காமலே போகலாம் என்று தேடும் படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ராத்திரி கனவில் தண்ணீர் வருகிறது, ஆள் வருவதில்லை.

இன்று வாய்க்கால் வெட்டினோம், வீட்டிலிருந்து பட்டறைக்கு. இயந்திரம் கொண்டுவருகிறேன் என்றேன். கிளேர்மோன் கேட்கவில்லை. "காகித ஆலையில நாப்பது வருஷம் கட்டை தூக்கினவன். ரெண்டு விரல் போனா மண்வெட்டி மறந்து போகுமா?" வெட்டினான், திட்டினான், கல் வந்த இடத்தில் தபர்நாக்கில் ஆரம்பித்து, எங்கள் ஊர் வழக்கப்படி கோவிலில் இருக்கிற சாமான்களையெல்லாம் இழுத்துத் திட்டினான். அக்கா காபியும் கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த வாயோட நாளைக்குப் பூசைக்கு வந்து நிப்பியா?" என்று கேட்டாள். "அங்க தொப்பியைக் கழட்டிட்டு நிப்பேன்," என்றான்.

கேபிளை நான் இறக்கினேன். மணல் போட்டு, எச்சரிக்கை நாடா விரித்து மூடினோம். அந்தக் குழியை மூடும்போது அவன் ஒரு நிமிஷம் நின்றான். நானும். ரெஜானுக்கு இன்னும் குழி வெட்டவில்லையே.

ஜூன் 3, புதன்

உலையை எடுத்துப் போய்விட்டார்கள். தொட்டியையும். காற்றுக் குழாய்களை நானே கழற்றினேன். ஒவ்வொரு துண்டையும் இறக்குவதற்கு முன் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டேன். தகரம், அவ்வளவுதான்.

வீட்டில் இப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை. படுக்கையறையில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஆனாலும் அங்கேதான் படுத்திருந்தேன்.

ஜூன் 18, வியாழன்

மின்சார வாரியத்து ஆள் வந்து கம்பத்திலிருந்து புது இணைப்புக் கொடுத்தார். புது ஆள், இந்த ஊர் இல்லை. ஏணியிலிருந்து இறங்கிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இருநூறு ஆம்பியரா! வீட்ல எத்தனை பேர் இருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

"நான் ஒருத்திதான்," என்றேன். "கொல்லையில ஒரு பட்டறை. அங்க மத்தியானம் ஒருத்தர் வருவார்."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அதில் ஒன்றுமில்லை. நான் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எல்லா ஹீட்டரையும் முழுசாக வைத்துச் சோதித்தேன். அறை அறையாகப் போய்த் திருகியைக் கடைசிவரை திருப்பினேன். புது ஹீட்டரின் எண்ணெய்ப் பூச்சு கருகும் வாசனை வீடெல்லாம். டெஸ்டரில் முள் ஏறிக்கொண்டே போனது. எல்லா அறையும் ஒரே சமயத்தில் கேட்டால் ஹீட்டருக்கு விதிப்புத்தகம் போட்ட கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். பெட்டி அசையவில்லை. கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

பட்டறைக்குப் போனேன். வெளியே இருபத்தாறு டிகிரி வெயில். உள்ளே இரண்டு சுவரிலும் ஹீட்டர்கள் கொதித்துக்கொண்டிருந்தன. கிளேர்மோன் தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் வேர்வை. கழுத்து வழியாக ஒழுகிச் சட்டை நனைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. எதிரே நாற்காலி. நானும் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். சோதனைக்கு அரை மணி ஓட விடுவது வழக்கம். அதற்கு மேலும் ஓடியது. நான் அணைக்கவில்லை.

ஒரு கட்டத்தில் எழுந்தான். ஜன்னல் பக்கம் போய்க் கொக்கியை விடுவித்தான். இத்தனை வருஷம் திறக்காத ஜன்னல், தோளால் இடித்துத்தான் திறக்க வந்தது. ஏரிக்காற்று உள்ளே வந்தது. அதில் கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"போதும் மரியெல்," என்றான். "சூடாயிருக்கு."

சுவரில் இருந்த திருகியை அவனே திருப்பி அணைத்தான்.